பழைய சப்வெர்ஷன் சர்வர், புதிய லேப்டாப்: எதை ஏற்றுவது, எதை விட்டுவைப்பது?

பில்ட் மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் நண்பர் ஒருவர் போன வாரம் கூப்பிட்டார். “அண்ணே, எங்க சர்வர்ல சப்வெர்ஷன் 1.6.11 ஓடுது. சென்ட்ஓஎஸ் 6 பெட்டி. புதுசா சேர்ந்தவங்க லேப்டாப்ல 1.14 இருக்கு. ரெண்டும் நல்லாத்தான் பேசிக்குது, கமிட் போகுது. இப்ப சர்வரை மாத்தணுமா வேண்டாமா? மாத்தினா மூலையில கிடக்கிற பழைய பெட்டிங்க என்ன ஆகும்?”

சப்வெர்ஷன் (சுருக்கமாக எஸ்விஎன்) என்பது ஃபைல்களின் ஒவ்வொரு மாற்றத்தையும் வரலாறாகச் சேமிக்கும் மென்பொருள். சர்வரில் உள்ள அந்தச் சேமிப்புதான் ரெப்போ, அதில் மாற்றத்தைப் பதிவதுதான் கமிட், அதோடு பேச நம் கணினியில் ஓடுவது கிளையன்ட். எண்கள் மட்டும் மாறி, இதே கேள்வி என்னிடம் பலமுறை வந்திருக்கிறது. “சர்வரை ஏத்துங்க, ஒண்ணும் ஆகாது” என்று சொல்லிவிட்டுப் போகலாம். பாதி நேரம் அது சரியாகவும் இருக்கும். மீதிப் பாதியில் திங்கட்கிழமை காலை போன் வரும். “ஒத்துப்போகுமா?” என்று கேட்கும்போது நாம் நினைப்பது கிளையன்ட்டும் சர்வரும் பேசிக்கொள்வதை மட்டும். நான் பார்த்தவரை அடி விழுவது பெரும்பாலும் வேறு இடத்தில்.

## ஒத்துப்போக வேண்டியவை நான்கு

பேச்சு. நெட்வொர்க் வழியே நடப்பது. இதில் சப்வெர்ஷன் நல்ல பிள்ளை. 1.0 வெளியானது 2004 பிப்ரவரியில். எந்த 1.x கிளையன்ட்டும் எந்த 1.x சர்வரோடும் பேசும் என்பதுதான் அவர்கள் கொடுத்த வாக்கு. புதிய வசதி இரண்டு பக்கமும் இருந்தால் கிடைக்கும், ஒரு பக்கம் இல்லாவிட்டால் பேச்சு பழைய முறைக்கு இறங்கிவிடும்.

இது எப்படி நடக்கிறது என்று கண்ணால் பார்க்க ஆசையிருந்தால், சப்வெர்ஷனின் சொந்த சர்வரான எஸ்விஎன்சர்வ் ஓடும் பெட்டியின் 3690 போர்ட்டை டெல்நெட்டில் தட்டுங்கள். நீங்கள் வாய் திறக்கும் முன்பே சர்வர் ஒரு வரி சொல்லும். நம் எழுத்தில் போட்டால் ஏறக்குறைய இப்படி:

( சக்ஸஸ் ( 2 2 ( ) ( எடிட்-பைப்லைன் எஸ்விஎன்டிஃப்1 ஆப்சென்ட்-என்ட்ரீஸ் டெப்த் … ) ) )

முதல் 2 அந்த சர்வருக்குத் தெரிந்த மிகப் பழைய புரோட்டோகால் எண், அடுத்த 2 மிகப் புதியது. அந்த எண் பல வருஷமாக நகரவே இல்லை. புதிதாக வந்ததெல்லாம் கடைசி அடைப்புக்குள் ஒரு சொல்லாகப் போய் உட்கார்ந்துகொண்டது. 1.8-ல் ‘இன்ஹெரிட்டட்-ப்ராப்ஸ்’ சேர்ந்தது, 1.10-ல் ‘லிஸ்ட்’. தெரியாத சொல்லை மறுபக்கம் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போய்விடும்.

இந்த வரியில் ‘மெர்ஜ்இன்ஃபோ’, அதாவது ஒரு பிராஞ்சில் (தனிக் கிளையில்) செய்த மாற்றம் எங்கே மெர்ஜ் ஆனது, சேர்ந்தது என்ற கணக்கு, இருக்காது, கவனியுங்கள். எந்த ரெப்போ வேண்டும் என்று கிளையன்ட் சொன்ன பிறகு, சர்வர் அதைத் திறந்து பார்த்துத்தான் அந்தச் சொல்லைச் சொல்லும். மெர்ஜ் கணக்கு வைக்க முடியுமா என்பது சர்வரின் வெர்ஷனோடு ரெப்போவின் வடிவத்தையும் பொறுத்தது. கீழே வழி 2-க்கு வரும்போது இது தேவைப்படும்.

வொர்க்கிங் காப்பி. ரெப்போவிலிருந்து எடுத்து நீங்கள் திருத்தும் நகல். அதன் கணக்கு உங்கள் டிஸ்க்கில் ‘.எஸ்விஎன்’ ஃபோல்டருக்குள் இருக்கும். வாக்கு இதற்குப் பொருந்தாது. 1.4-ல் வடிவ எண் 8, 1.5-ல் 9, 1.6-ல் 10. 2011 அக்டோபரில் வந்த 1.7 மொத்தத்தையும் எஸ்க்யூலைட் டேட்டாபேஸுக்கு மாற்றி 29-க்குத் தாவியது. 1.8-ல் 31. அதன்பின் 1.14 வரை 31-லேயே நின்றது, அதுவரைக்கும் நிம்மதி.

1.7-க்கு முன்னால் இன்னொரு கூத்து. புதிய கிளையன்ட் ஒரு பழைய வொர்க்கிங் காப்பியைத் தொட்டாலே, கேட்காமல் கொள்ளாமல் புது வடிவத்துக்கு மாற்றிவிடும். 1.7-லிருந்துதான் ‘எஸ்விஎன் அப்கிரேட்’ என்று நாமாகச் சொல்ல வேண்டும் என்றானது.

நான் ஒருமுறை வேலை பார்த்த இடத்தில், நெட்வொர்க் டிரைவில் ஒரே வொர்க்கிங் காப்பியை ஆறு பேர் பகிர்ந்துகொண்டிருந்தோம். செய்யக்கூடாத காரியம், ஆனால் செய்தோம். ஒருவர் டார்ட்டாய்ஸ் 1.7 (விண்டோஸுக்கான சப்வெர்ஷன் கிளையன்ட்) போட்டார். மெனுவில் ‘அப்கிரேட் வொர்க்கிங் காப்பி’ என்று வந்ததும் அழுத்திவிட்டார். அன்றிரவு பில்ட் ஸ்கிரிப்ட் 1.6-ஐ வைத்துக்கொண்டு அதே ஃபோல்டருக்குப் போய், ‘இந்தக் கிளையன்ட் ரொம்பப் பழசு’ என்று சொல்லி நின்றுவிட்டது. காலையில் எல்லோரும் சர்வரைத்தான் திட்டினோம். சர்வர் அந்த இரவு முழுக்க ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. சண்டை ஒரே ஃபோல்டரைத் தொட்ட இரண்டு கிளையன்ட்டுகளுக்கு நடுவில்.

ரெப்போவின் வடிவம். சர்வர் டிஸ்க்கில் உள்ளது. ரெப்போவைச் சேமிக்கும் முறையான எஃப்எஸ்எஃப்எஸ்ஸின் வடிவ எண் 1.5-ல் 3, 1.6-ல் 4, 1.8-ல் 6, 1.9-ல் 7, 1.10-ல் 8. வெளியான எந்த வெர்ஷனிலும் 5 கிடையாது, 1.7-ம் 4-ஐயே வைத்துக்கொண்டது. புதிய சர்வர் பழைய வடிவத்தைப் படிக்கும், எழுதும். பழைய சர்வருக்குப் புதிய வடிவம் புரியாது.

சுற்றியிருப்பவை. டிஎல்எஸ், எஸ்எஸ்எச் சாவி, நடுவில் நிற்கும் ப்ராக்ஸி, ஹூக் ஸ்கிரிப்ட் (கமிட் போன்ற நேரங்களில் சர்வர் தானாக ஓட்டுவது), அப்பாச்சி வெப் சர்வரின் கான்ஃபிக். சப்வெர்ஷன் கொடுத்த வாக்கு இவற்றைக் கட்டுப்படுத்தாது. இப்போதெல்லாம் வெர்ஷன் ஏற்றும்போது நான் நேரம் செலவழிப்பது பெரும்பாலும் இங்கேதான்.

## எதை வைத்து எடைபோடுவது

வசதிகளின் பட்டியலை வைத்து முடிவெடுக்காதீர்கள். நான் கேட்டுக்கொள்ளும் கேள்விகள் இவை, முக்கியத்துவத்தின் வரிசையில்:

1. திரும்பி வர முடியுமா? ஞாயிறு இரவு மாற்றி, திங்கள் மதியம் பழையபடி வைக்க முடியுமா?
2. எது சத்தமில்லாமல் கெடும்? பிழைச் செய்தி வந்தால் நல்லது. வராமல் கெடுவதுதான் ஆபத்து.
3. டிஸ்க்கில் உள்ள ரெப்போவை வேறு யார் நேரடியாகத் தொடுகிறார்கள்? பேக்கப், ஹூக், எஸ்எஸ்எச் வழியாக வருபவர்கள்.
4. பாதுகாப்பு ஓட்டை அடைபடுமா?
5. எத்தனை பேர் எவ்வளவு நேரம் கை கட்டி உட்கார வேண்டும்?
6. கடைசியாக, என்ன வசதி கிடைக்கும்?

## வழி 1: சர்வரைத் தொடாமல் விடுவது

இதில் இரண்டு வகை உண்டு. சர்வரை விட்டுவிட்டுக் கிளையன்ட்டுகளை அவரவர் விருப்பப்படி ஏற்றவிடுவது ஒன்று. ‘எல்லாரும் 1.6-லேயே இருங்க’ என்று கட்டிப்போடுவது இன்னொன்று. இரண்டாவதைச் செய்யாதீர்கள். சப்வெர்ஷனின் மோசமான ஓட்டைகளில் ஒன்று 2017 ஆகஸ்டில் வெளிவந்தது. விஷமமாக எழுதிய எஸ்எஸ்எச் முகவரி ஒன்றை எக்ஸ்டர்னல்ஸுக்குள் (வேறு ரெப்போவிலிருந்து இழுத்துக்கொள்ளும் இணைப்புகள்) வைத்தால், செக்அவுட் செய்பவரின், அதாவது ரெப்போவிலிருந்து நகல் எடுப்பவரின் கணினியிலேயே கமாண்ட் ஓட்டிவிட முடிந்தது. அடைப்பு 1.8.19-லும் 1.9.7-லும் வந்தது. அடைக்க வேண்டியது கிளையன்ட் பக்கம். கிளையன்ட்டைக் கட்டிப்போட்டவர்கள் ஓட்டையையும் சேர்த்துக் கட்டிவைத்துக்கொண்டார்கள்.

முதல் வகை ஓடும். ஆனால் மெதுவாக ஓடும், ஏன் என்று யாருக்கும் தெரியாது. காரணம் இரண்டு. 1.8-க்குப் பிந்தைய கிளையன்ட், மேல் ஃபோல்டர்களிலிருந்து வரும் ப்ராப்பர்ட்டிகளை (ஃபைல், ஃபோல்டர்களோடு ஒட்டிவைக்கும் குறிப்புகளை) தெரிந்துகொள்ளப் பார்க்கும். புதிய சர்வர் ஒரே பதிலில் கொடுத்துவிடும். பழைய சர்வரிடம் ஒவ்வொரு மேல் ஃபோல்டராக ஏறி ஏறிக் கேட்க வேண்டும். இரண்டாவது, எச்டிடிபி வழியாக வருபவர்களுக்கு. 1.7-ல் பேச்சு முறையைச் சுருக்கினார்கள். பழைய முறையில் ஒரு கமிட்டில் மாறிய ஒவ்வொரு ஃபைலுக்கும், அனுப்புவதற்கு முன் தனியாக ஒரு ‘செக்அவுட்’ கோரிக்கை போகும். 300 ஃபைல், ஒரு தடவை போய்வர 200 மில்லிசெகண்ட் என்று வையுங்கள். அதற்கு மட்டுமே ஒரு நிமிஷம். சர்வர் 1.7-க்கு மேல் இருந்தால் அந்த ஒரு நிமிஷம் அப்படியே மிச்சம். சர்வருக்குப் பக்கத்து மேசையில் இருப்பவருக்கு இது தெரியவே தெரியாது, கடல் கடந்து கமிட் போடுபவருக்குத் தெரியும்.

மறைந்திருக்கும் செலவு இன்னொன்று: 1.6 தொடருக்குத் திருத்தங்கள் நின்று வெகுகாலம் ஆகிறது, சென்ட்ஓஎஸ் 6-க்கு 2020 நவம்பரோடு முடிந்தது. இன்று அந்தப் பெட்டியின் டிஸ்க் போனால், அதே வெர்ஷனை மறுபடி நிறுவவே ஒரு நாள் தேட வேண்டியிருக்கும்.

எப்போது இது சரி: ரெப்போவில் யாரும் எழுதுவதில்லை, பழைய வரலாறு பார்க்க மட்டும் வைத்திருக்கிறீர்கள். அல்லது வெளி நெட்வொர்க்கே இல்லாத மூடிய கூடம்.

## வழி 2: சர்வர் மென்பொருளை மட்டும் ஏற்றி, ரெப்போவைப் பழைய வடிவத்தில் விடுவது

நண்பரிடம் நான் சொன்னது இதைத்தான். பலர் இப்படி ஒரு வழி இருப்பதையே யோசிப்பதில்லை. சர்வரை ஏற்றினால் ரெப்போவும் மாறிவிடும் என்று பயப்படுகிறார்கள். மாறாது. 1.14 சர்வர் வடிவம் 4-ல் உள்ள ரெப்போவை எடுத்து, வடிவம் 4-லேயே எழுதிக்கொண்டிருக்கும். நீங்களாக ‘எஸ்விஎன்அட்மின் அப்கிரேட்’ சொல்லும்வரை அந்த எண் அசையாது. அதனால் திங்கட்கிழமை சிக்கல் வந்தால் பழைய பெட்டியில் அதே ரெப்போவைத் திறந்து வேலையைத் தொடரலாம். முதல் கேள்விக்கு இவ்வளவு நல்ல பதில் மற்ற எந்த வழியிலும் இல்லை.

புரோட்டோகால் வேகமும் பாதுகாப்புத் திருத்தங்களும் இதிலேயே வந்துவிடும். கிடைக்காமல் போவது டிஸ்க் மிச்சமும் புதிய வடிவத்தின் உள் வேகமும் மட்டும்.

ஒரு விதிவிலக்கு. உங்கள் ரெப்போ 1.4 காலத்து வடிவத்தில் இருந்தால், மேலே சொன்ன ‘மெர்ஜ்இன்ஃபோ’ என்ற சொல்லை சர்வர் எவ்வளவு புதிதாக இருந்தாலும் சொல்லாது. கிளையன்ட் மெர்ஜ்இன்ஃபோ கேட்கும்போது அதற்கு இங்கே ஆதரவில்லை என்று பிழை வரும். அப்போது வழி 3-க்குப் போவதைத் தவிர வேறு வழியில்லை. எஃப்எஸ்எஃப்எஸ்ஸுக்கு முந்தைய சேமிப்பு முறையான பெர்க்லி டிபியில் இருக்கும் ரெப்போவுக்கும் இதே கதி. 1.8-லேயே அதைக் கைவிடப்போவதாக அறிவித்துவிட்டார்கள். பழைய பெட்டி உயிரோடு இருக்கும்போதே டம்ப் (முழு வரலாற்றையும் கொட்டிய ஃபைல்) எடுத்துவிடுங்கள்.

மறைந்திருக்கும் செலவுகள் எல்லாம் ‘சுற்றியிருப்பவை’யில். அப்பாச்சி 2.2-லிருந்து 2.4-க்குப் போவதால் ‘ஆர்டர், அலவ், டினை’ வரிகளை ‘ரெக்வயர்’ என்று திருத்தி எழுத வேண்டும். பைத்தான் 2-ல் எழுதிய ஹூக்குகள், பைத்தான் 2 இல்லாத புதிய லினக்ஸில் ஓடாது. சப்வெர்ஷனின் பைத்தான் இணைப்பு பைத்தான் 3-க்கு வந்தது 2020 மே மாதம் வெளியான 1.14-ல்தான். யார் எதைப் படிக்கலாம், எழுதலாம் என்று சொல்லும் ஆத்ஸ் ஃபைலைப் படிக்கும் பகுதியை 1.10-ல் புதிதாக எழுதினார்கள். அதனால் மாற்றுவதற்கு முந்தின நாளே புதிய வெர்ஷனின் ‘எஸ்விஎன்ஆத்ஸ் வேலிடேட்’டில் உங்கள் ஃபைலை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பழைய கிளையன்ட்டுகளின் எஸ்எஸ்எல் லைப்ரரி புதிய சர்வரின் டிஎல்எஸ் குறைந்தபட்சத்தை எட்டாமல் போகலாம். அப்படி நடந்தால், சப்வெர்ஷன் பேசத் தயாராக இருக்கும்போதே கதவு சாத்தியிருக்கும்.

முன்னால் ப்ராக்ஸி இருக்கிறதா? 1.8-ல் கிளையன்ட் எச்டிடிபி பேசப் பயன்படுத்திய நியான் லைப்ரரியை எடுத்துவிட்டு செர்ஃப் ஒன்றையே வைத்தார்கள். செர்ஃப் தன் கோரிக்கைகளை நீளம் சொல்லாமல் துண்டு துண்டாக அனுப்பும். சில பழைய ப்ராக்ஸிகள் ‘நீளம் சொல்’ என்று 411 பிழையை முகத்தில் எறியும். இது சர்வரை ஏற்றுவதால் வருவதில்லை, கிளையன்ட்டை ஏற்றுவதால் வருவது. ஆனால் இரண்டையும் ஒரே வாரத்தில் செய்தால் பழி சர்வர் மேல் விழும். அதனால் ஒரு வாரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

கண்ணாடி சர்வர் வைத்து, எழுதுவதை மட்டும் தலைமை சர்வருக்குத் தள்ளிவிடும் அமைப்பு இருந்தால் இன்னும் கவனம் தேவை. கண்ணாடி புதிது, தலைமை பழையது என்றால், கண்ணாடி தனக்குத் தெரிந்த வசதிகளைக் கிளையன்ட்டிடம் விளம்பரப்படுத்தும், கமிட் போய் விழும் இடத்தில் அது இருக்காது. இதற்காகவே 1.8-லிருந்து ‘எஸ்விஎன்மாஸ்டர்வெர்ஷன்’ என்ற அமைப்பு இருக்கிறது. தலைமையின் வெர்ஷனை அதில் சொல்லிவிட்டால் கண்ணாடி அடக்கி வாசிக்கும்.

### சத்தமில்லாமல் கெடுவது

இரண்டாவது கேள்விக்கு இங்கே வந்தாக வேண்டும். ஒரு 1.4 கிளையன்ட் புதிய சர்வரில் மெர்ஜ் செய்து கமிட் போட்டால் என்ன ஆகும்? எதுவும் ஆகாது. கமிட் போகும், பில்ட் ஓடும். ஆனால் எந்த ரிவிஷன் எங்கே மெர்ஜ் ஆனது என்ற குறிப்பு எழுதப்படாது, ஏனென்றால் அந்தக் கிளையன்ட்டுக்கு அப்படி ஒரு குறிப்பு உண்டு என்பதே தெரியாது. ஆறு மாதம் கழித்து 1.14 வைத்திருக்கும் ஒருவர் அதே பிராஞ்சை மெர்ஜ் செய்வார். ஏற்கெனவே சேர்ந்த மாற்றத்தைச் சேராதது என்று நினைத்து மறுபடி சேர்க்கப் பார்க்கும். நாற்பது கான்ஃப்ளிக்ட் வரும். அவர் தன்னைத்தான் சந்தேகப்படுவார்.

மருந்து சின்னது. 1.5-லிருந்து ‘ஸ்டார்ட்-கமிட்’ ஹூக்குக்கு மூன்றாவது வாதமாகக் கிளையன்ட்டின் திறன் பட்டியல் வருகிறது. அதில் ‘மெர்ஜ்இன்ஃபோ’ என்ற சொல் இல்லாவிட்டால், ‘உங்கள் கிளையன்ட்டை ஏற்றிவிட்டு வாருங்கள்’ என்று பிழைத்தடத்தில் எழுதி, 1 என்று திருப்பி அனுப்புங்கள். நாலு வரி ஷெல் ஸ்கிரிப்ட். படிக்க மட்டும் வரும் பழைய பெட்டிகளை இது தொடாது, எழுத வருபவரை மட்டும் நிறுத்தும். கிளையன்ட் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வதுதான் இந்தப் பட்டியல் என்பதால், பூட்டுக்குப் பதிலாக இதை நம்ப முடியாது. அறியாமல் வருபவரைத் தடுக்கப் போதும்.

எப்போது இது சரி: ரெப்போ 1.5-க்குப் பிந்தைய வடிவத்தில் இருக்கிறது, கிளையன்ட்டுகள் கலவையாக இருக்கின்றன, ஞாயிற்றுக்கிழமை ஒன்றை மட்டும் உங்களால் கேட்டு வாங்க முடியும். பெரும்பாலோர் நிலைமை இதுதான்.

## வழி 3: ரெப்போவின் வடிவத்தையும் ஏற்றுவது

இதற்குள்ளும் இரண்டு பாதைகள். ‘எஸ்விஎன்அட்மின் அப்கிரேட்’ சில நொடியில் முடியும், ஆனால் பழைய ரிவிஷன்களை அது திருப்பி எழுதாது. முழுப் பலனும் வேண்டுமென்றால் டம்ப் எடுத்து, புதிய ரெப்போவில் ஏற்ற வேண்டும். பெரிய ரெப்போவில் அது மணிக்கணக்கு, சில இடங்களில் நாள்கணக்கு.

எந்தப் பாதையில் போனாலும் கதவு ஒருவழி. வடிவம் 6-க்குப் போன ரெப்போவை சென்ட்ஓஎஸ் 7-ன் 1.7.14 தொட்டால், ‘வடிவம் 1 முதல் 4 வரை எதிர்பார்த்தேன், இருப்பது 6’ என்ற பொருளில் ஒரு வரி சொல்லிவிட்டு நின்றுவிடும். இங்கேதான் மூன்றாவது கேள்வி கடிக்கும். இரவு பேக்கப் எடுக்கும் பெட்டியில் எந்த எஸ்விஎன்அட்மின் இருக்கிறது? ரெப்போவைப் பார்க்க ஹூக்கிலிருந்து கூப்பிடும் எஸ்விஎன்லுக் எது? எஸ்எஸ்எச் வழியாக வருபவருக்கு அவரவர் பாத்தில் உள்ள எஸ்விஎன்சர்வ்தான் ஓடும். ஒரே பெட்டியில் இரண்டு வெர்ஷன் கிடந்தால் சிலருக்கு ஓடும், சிலருக்கு ஓடாது. நெட்வொர்க் வழியாக வரும் கிளையன்ட்டுகளுக்கு மட்டும் எந்த வித்தியாசமும் தெரியாது, அவர்கள் டிஸ்க்கைப் பார்ப்பதே இல்லை.

டம்ப் பாதையில் இன்னும் சில கண்ணிகள். டம்ப்பில் ஹூக்கும் கான்ஃபிக்கும் லாக்குகளும் வராது. ரொம்பப் பழைய கமிட் செய்திகளில் விண்டோஸ் பாணி வரி முடிவுகள் கிடந்தால், ஏற்றும்போது புதிய வெர்ஷன் ‘இதை ஏற்க மாட்டேன்’ என்று பாதி வழியில் நிற்கும். ‘பைபாஸ்-ப்ராப்-வேலிடேஷன்’ கொடுத்தால் அப்படியே விழுங்கும், 1.10-லிருந்து ‘நார்மலைஸ்-ப்ராப்ஸ்’ கொடுத்தால் சுத்தம் செய்துகொண்டே ஏற்றும். ஒத்திகை பார்க்காமல் இதில் இறங்காதீர்கள். ரெப்போவின் அடையாள எண் மாறாமல் வந்திருக்கிறதா என்றும் பாருங்கள், மாறினால் எல்லோருடைய வொர்க்கிங் காப்பியும் முரண்டு பிடிக்கும்.

புதிதாக ரெப்போ தொடங்கும்போது அந்த டிஸ்க்கைப் பழைய பெட்டி ஒன்றும் படிக்க வேண்டியிருந்தால், உருவாக்கும்போதே ‘கம்பாட்டிபிள்-வெர்ஷன்’ சொல்லி வடிவத்தைத் தாழ்த்திக்கொள்ளலாம். சொல்லாவிட்டால் இருப்பதிலேயே புதிய வடிவத்தில் உருவாகும்.

எப்போது இது சரி: டிஸ்க் நிரம்பி வழிகிறது, அல்லது ரெப்போ 1.5-க்கு முந்தியது, அல்லது பெர்க்லி டிபி. இவற்றில் எதுவும் இல்லையென்றால் வழி 2-ஐ முடித்து, இரண்டு மூன்று மாதம் ஓடவிட்டுப் பிறகு யோசிக்கலாம்.

## வழி 4: கிட்டுக்குப் போவது

“எதுக்கு இந்தத் தலைவலி, கிட்டுக்குப் போயிடலாமே” என்று ஒருவர் கூட்டத்தில் கட்டாயம் சொல்வார். போகலாம். கிட்டும் இதே வேலை செய்யும் இன்னொரு மென்பொருள்தான். ஆனால் வெர்ஷன் பொருத்தத் தலைவலிக்குப் பயந்து போகாதீர்கள், அங்கேயும் அது இருக்கிறது.

பேச்சு அளவில் கிட்டும் பழையவர்களை மதிக்கும். முதல் புரோட்டோகாலில் வசதிப் பட்டியலை எங்கே ஒளித்தார்கள் தெரியுமா? முதல் ரெஃப் (பிராஞ்ச் போன்றவற்றின் பெயர்) வரியின் கடைசியில், ஒரு சுழி பைட்டுக்குப் பின்னால். சி மொழியில் எழுதிய பழைய கிளையன்ட் சுழி பைட்டைப் பார்த்ததும் வரி முடிந்தது என்று நினைத்துவிடும். 2018-ல் 2.18-ஓடு புரோட்டோகால் 2 வந்தபோது இதே தந்திரத்தை இரட்டிப்பாக்க வேண்டி வந்தது. 2009-க்கு முந்தைய கிட் டீமனில் (கிட்டின் சர்வரில்) ஒரு பக் இருந்தது. கூடுதல் தகவல் ஏதாவது வந்தால் முடிவில்லாத சுழலில் சிக்கிக்கொள்ளும். அந்தப் பழைய டீமன்கள் தொங்கிவிடக் கூடாதென்று, ‘வெர்ஷன்=2’ என்பதை இரண்டாவது சுழி பைட்டுக்குப் பின்னால் வைத்தார்கள். எனக்கு இதில் ஒரு மரியாதை உண்டு.

சுற்றியிருப்பவை இங்கேயும் உடைக்கும். கிட் ரெப்போக்களை வைக்கும் கிட்ஹப் தளம் 2018 பிப்ரவரியில் டிஎல்எஸ் 1.0, 1.1-ஐ நிறுத்தியது. 2021 ஆகஸ்டில் கிட் வேலைகளுக்குப் பாஸ்வேர்டை நிறுத்தியது. 2022 மார்ச்சில் குறியாக்கம் இல்லாத கிட் முகவரியையும் நிறுத்தியது. ஒவ்வொரு முறையும் எங்கோ ஒரு பழைய பில்ட் பெட்டி விழித்தது. கிட்ஹப்புக்கு எஸ்விஎன் கிளையன்ட் வைத்துப் போகும் பாலமும் 2024 ஜனவரி 8-ஓடு போய்விட்டது. இரண்டு கால்களையும் இரண்டு படகில் வைக்கலாம் என்று அதை நம்பியிருந்தவர்கள் மாற்று ஏற்பாடு செய்ய வேண்டும்.

சத்தமில்லாமல் கெடுவதற்கு கிட்டில் நல்ல உதாரணம் எல்எஃப்எஸ், பெரிய ஃபைல்களைத் தனியே வைக்கும் நீட்சி. அது நிறுவாத பெட்டியில் குளோன் ஒழுங்காக முடியும், பிழையே வராது. ஆனால் 40 எம்பி படத்துக்குப் பதில் மூன்று வரி டெக்ஸ்ட் ஃபைல் உட்கார்ந்திருக்கும். இன்னொன்று: கிட்ஹப்பின் தானியங்கி பில்ட் வசதியான ஆக்ஷன்ஸின் செக்அவுட், பெட்டியில் 2.18-க்குக் குறைந்த கிட் இருந்தால் ரெஸ்ட் ஏபிஐ வழியே ஃபைல்களை மட்டும் இறக்கித் தரும். பில்ட் ஓடும், ‘.கிட்’ ஃபோல்டர் இருக்காது. சென்ட்ஓஎஸ் 7-ல் வருவது 1.8.3.1.

சப்வெர்ஷனிலிருந்து போவதற்கென்றே உள்ள செலவுகள் தனி. ஃபோல்டர் வாரியாக யார் படிக்கலாம் என்று ஆத்ஸில் எழுதிவைத்திருந்தால் கிட்டில் அதற்கு ஈடு இல்லை, ரெப்போவைப் பிரிக்க வேண்டும். எக்ஸ்டர்னல்ஸுக்கும் காலி ஃபோல்டர்களுக்கும் வேறு ஏற்பாடு வேண்டும். பக் பட்டியல் முழுக்க ‘ஆர்4512-ல் சரிசெய்தது’ என்று எழுதியிருப்பார்கள், அந்த எண்கள் அநாதையாகும்.

கிட்டுக்கே போகிறவர்கள் இன்றைக்கு எஸ்எச்ஏ-256 ரெப்போ (உள்ளடக்கத்துக்குக் கைரேகை போல எண் தரும் கணக்கு எஸ்எச்ஏ, வழக்கமானது எஸ்எச்ஏ-1) தொடங்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். எஸ்எச்ஏ-1 ரெப்போவோடு அது பேசாது. எஸ்எச்ஏ-1 உடைந்ததால் முதல் அடி பட்டது யார் தெரியுமா, சப்வெர்ஷன்தான். 2017 பிப்ரவரியில் உள்ளடக்கம் வேறாக இருந்தும் எஸ்எச்ஏ-1 ஒன்றாகவே வரும் இரண்டு பிடிஎஃப்களை யாரோ வெப்கிட் பிரவுசர் இன்ஜினின் சப்வெர்ஷன் ரெப்போவில் கமிட் செய்ய, அது படுத்துவிட்டது.

எப்போது இது சரி: குழு வேலை செய்யும் முறையையே மாற்ற விரும்புகிறது, அதற்கு மாதங்கள் ஒதுக்கத் தயார்.

(மெர்க்குரியல் என்ற இன்னொரு மென்பொருள் இதே கேள்வியை நேர்மையாகக் கையாளும். பழைய கிளையன்ட்டுகளை ஏற்பதா மறுப்பதா என்று சர்வர் கான்ஃபிக்கில் ‘பண்டில்1’ என்று ஒரு வரியிலேயே சொல்லிவிடலாம். ஆனால் இன்றைக்கு சப்வெர்ஷனை விட்டு அங்கே போகிற யாரையும் நான் பார்க்கவில்லை.)

## பக்கத்தில் பக்கத்தில்

| அளவுகோல் | 1. தொடாமல் விடுவது | 2. சர்வர் மட்டும் | 3. ரெப்போ வடிவமும் | 4. கிட் |
|---|---|---|---|---|
| திரும்பி வருதல் | தேவையே இல்லை | அன்றே முடியும் | டம்ப், ஏற்றம் செய்தால் மட்டும் | ஏறக்குறைய முடியாது |
| சத்தமில்லாமல் கெடுவது | வேகக் குறைவு | பழைய கிளையன்ட் மெர்ஜ்; ஹூக் போட்டால் தீரும் | ஓடாமல் போன பேக்கப் | எல்எஃப்எஸ் இல்லாத பெட்டிகள் |
| டிஸ்க்கைத் தொடும் மற்றவர்கள் | பாதிப்பில்லை | பாதிப்பில்லை | எல்லாவற்றையும் ஏற்ற வேண்டும் | எல்லாம் புதிதாக எழுத வேண்டும் |
| பாதுகாப்பு | சர்வர் திறந்தே கிடக்கும் | அடைபடும் | அடைபடும் | அடைபடும் |
| வேலை நிற்கும் நேரம் | இல்லை | சில மணி | நொடி முதல் நாள்கணக்கு வரை | வாரங்கள், பகுதி பகுதியாக |
| கிடைப்பது | புதிய கிளையன்ட்டின் வசதி மட்டும் | புரோட்டோகால் வேகம் | அதோடு டிஸ்க் மிச்சம் | வேறு வேலை முறை |

## வழி 2-ஐ எடுப்பவர்களுக்கு வரிசை

முதலில் யார் யார் வருகிறார்கள் என்று பாருங்கள். அப்பாச்சி லாகில் யூசர்-ஏஜென்ட் பதிவாகிறதென்றால் ‘எஸ்விஎன்/1.6.11 (ஆர்934486) நியான்/0.29.3’ என்று ஒவ்வொரு கிளையன்ட்டும் தன் ஜாதகத்தை எழுதிவைத்திருக்கும். எஸ்விஎன்சர்வ் லாகிலும் கிளையன்ட் பெயர் வரும். ஒரு மாத லாக் போதும், ஆனால் மாதக் கடைசியில் மட்டும் ஓடும் ஸ்கிரிப்ட்டுகள் அதற்குள் வருகிற மாதிரி பாருங்கள். பிறகு ரெப்போவின் நகல் ஒன்றைப் புதிய பெட்டியில் வைத்து, லாகில் கண்ட மிகப் பழைய கிளையன்ட்டையும் மிகப் புதியதையும் கொண்டு ஒரு செக்அவுட், ஒரு கமிட், ஒரு மெர்ஜ் செய்து பாருங்கள். ஹூக் போடுவது அதற்குப் பிறகு.

கிளையன்ட்டுகளை ஏற்றும் நாளில் ஒரு சின்ன விஷயம். 1.6 வொர்க்கிங் காப்பியில் பாதியில் நின்ற வேலை ஏதாவது இருந்தால் புதிய கிளையன்ட் அதை அப்கிரேட் செய்ய மறுக்கும், 1.6-ஐ வைத்து ‘கிளீன்அப்’ செய்துவிட்டு வா என்று சொல்லும். அதனால் பழைய கிளையன்ட்டை நீக்குவதற்கு முன்பே எல்லோரையும் ஒருமுறை கிளீன்அப் ஓட்டச் சொல்லுங்கள்.

நண்பர் லாகைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டார். யாருக்கும் தெரியாத ஒரு பெட்டி தினமும் காலை ஐந்தரைக்கு 1.4.2-ஓடு வந்து போகிறதாம். தேடிப் போனால் கிடங்கில் லேபிள் அடிக்கும் கம்ப்யூட்டர். உள் நெட்வொர்க்கிலிருந்து லேபிள் மாதிரிகளை எக்ஸ்போர்ட் எடுக்கும், கமிட் போடாது. “அதை என்ன பண்றதுண்ணே?” என்றார். ஹூக் அதை மறிக்காது, 1.14 சர்வர் அதோடு பேசும். அப்படியே விடச் சொன்னேன்.